அம்மா எடுத்துப் போட்ட சீட்டு

குழு: வீட்டுக் கூட்டம்

ஞாயிறு, 26 அக்டோபர் 2025

அப்பா, இரவு 9:14
வீடு வந்து சேர்ந்தோம். பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து ஹுவா ஹின்னுக்கு நேரடிப் பேருந்து கிடைத்தது. வழியெல்லாம் கறுப்பு உடைதான். தாய்லாந்து ராஜமாதா சிரிகிட் காலமாகி இரண்டு நாள்தானே ஆகிறது.

நான், 9:16
சரிப்பா. அம்மா கால் வீக்கம் எப்படி?

அம்மா, 9:17
கால் பரவாயில்லை. நீ கட்டிக் கொடுத்த முறுக்குதான் தூளாகிவிட்டது.

அப்பா, 9:40
ஒரு சிக்கல். என் பாஸ்போர்ட்டில் பின் அடித்து வைத்திருந்த இரண்டு சீட்டையும் காணோம். அங்கே மேசையில் கிடக்கிறதா பாருங்கள்.

தம்பி, 9:42
என்ன சீட்டு?

அப்பா, 9:44
ஒன்று 90 நாள் சீட்டு, 90 நாளுக்கு ஒரு முறை எங்கள் முகவரியைக் குடிநுழைவு அலுவலகத்தில் நாங்களே சொன்னதற்கு. இன்னொன்று டி.எம். 30. நாங்கள் இந்த வீட்டில்தான் இருக்கிறோம் என்று வீட்டுக்கார அம்மா குடிநுழைவு அலுவலகத்துக்குச் சொன்னதற்கு ரசீது.

அம்மா, 9:45
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான், 9:45
அம்மா, என்ன அழித்தீர்கள்?

அம்மா, 9:49
தீபாவளிக்கு முதல் நாள் பாஸ்போர்ட் உறைகளைத் துடைத்தேன். உள்ளே ஓரம் சுருண்டு, துருப்பிடித்த கம்பிப் பின்னோடு துண்டுத் தாள்கள். முழுக்கத் தாய்லாந்து எழுத்து. 2568 என்று ஒரு எண் மட்டும் புரிந்தது. பழைய லாட்டரிச் சீட்டு என்று எடுத்துப் போட்டுவிட்டேன்.

அப்பா, 9:50
2568 இந்த வருஷம்! புத்த ஆண்டு! ஏழு வருஷமாக இங்கேதானே இருக்கிறாய்?

அம்மா, 9:51
சந்தையில் சுரைக்காய்க்கு விலைதான் சொல்கிறார்கள். வருஷம் சொல்வதில்லை.

சித்தப்பா ஈப்போ, 9:55
அண்ணே, சீட்டு இல்லையென்றால் பிடித்து உள்ளே போடுவார்களா? நானும் அங்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். அடுத்த வருஷம் எனக்கு 50.

அப்பா, 9:59
உள்ளே எல்லாம் போட மாட்டார்கள். 1979 குடிநுழைவுச் சட்டத்தில் 38ஆம் பிரிவு. வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அபராதமும் அவருக்குத்தான், 2,000 பாட் வரை. ஆனால் விசாவின் வருஷ நீட்டிப்புக்குப் போய் நின்றால் ரசீது எங்கே என்று கேட்கப்படுவது நான்.

உனக்கு 50 ஆகட்டும், அந்த வயதிலிருந்துதான் ஓய்வுக்கால விசா. வங்கியில் 8 லட்சம் பாட் காட்ட வேண்டும். இல்லையென்றால் மாதம் 65,000 வருமானம்.

சித்தப்பா ஈப்போ, 10:00
ஒரு லட்சம் ரிங்கிட் பக்கம் வருகிறதே. சரி, ஈப்போவிலும் காற்று நன்றாகத்தான் இருக்கிறது.

தம்பி, 10:04
அப்பா, 2020 ஜூனில் விதியைத் தளர்த்திவிட்டார்கள். மறுநுழைவு அனுமதியோடு போய் அதே வீட்டுக்குத் திரும்பினால் புதிதாகச் சொல்ல வேண்டாம். அனுமதி எடுத்தீர்கள்தானே?

அப்பா, 10:07
எடுக்காமலா? ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. அது இல்லாமல் கிளம்பியிருந்தால் நீட்டிப்பே போயிருக்கும். விதி நீ சொல்வதுதான். ஆனால் அலுவலகத்துக்கு அலுவலகம் கேட்பது மாறும். எதிர் வீட்டு நார்வேக்காரர் ஒவ்வொரு முறை வெளியூர் போய் வந்தாலும் புதிதாகப் பதிந்துவிடுவார். பழைய ரசீதும் குப்பைக்குப் போனபிறகு நான் எதை நம்பி உட்கார்ந்திருப்பது?

நான், 10:09
கிளம்புவதற்கு முன் நான் கணினியில் நிரப்பிக் கொடுத்தேனே, வருகை அட்டை. அதிலும் வீட்டு முகவரி கேட்டதே. அது போதாதா?

அப்பா, 10:11
அது இந்த மே மாதம் வந்தது, எல்லைக்காக நாங்கள் சொல்வது. டி.எம். 30 வீட்டுக்காரர் சொல்வது. 90 நாள் மறுபடியும் நாங்கள் சொல்வது.

அம்மா, 10:12
சம்பந்தம் பேசுகிற மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை, பெண் வீட்டார் ஒரு தடவை, அப்புறம் தரகர்.

தம்பி, 10:15
அந்த 90 நாள் சீட்டில் என்ன தேதி?

அப்பா, 10:15
நவம்பர் 14.

தம்பி, 10:17
அப்படியானால் அது போனால் போகட்டும். வெளியே போய் வந்ததால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். இன்றைக்கு முதல் நாள் என்றால் ஜனவரி 23. அதற்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை போகலாம்.

அப்பா, 10:18
நாள்காட்டியில் நவம்பர் 14ஐச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். சரி, அடித்துவிடுகிறேன்.

திங்கள், 27 அக்டோபர்

அப்பா, பகல் 11:20
வீட்டுக்கார அம்மா வந்தார். தபியன் பானையும் எடுத்து வந்தார், நீல அட்டை போட்ட வீட்டுப் பதிவுப் புத்தகம். முன்பே இணையத்தில் பதிந்து வைத்திருந்த கணக்கு, கடவுச்சொல்தான் மறந்துவிட்டது. மகனை அழைத்துக் கேட்டு, என் பாஸ்போர்ட் எண்ணையும் நேற்றைய முத்திரைத் தேதியையும் தட்டினார். இரண்டு தேநீர் ஆறியது.

அப்பா, 12:45
ரசீது வந்துவிட்டது. அச்சடித்துப் பின் அடித்தாயிற்று. இனி உங்கள் அம்மா என் பாஸ்போர்ட் பக்கம் வரக்கூடாது.

அம்மா, 12:47
வரவில்லை. என் பாஸ்போர்ட்டில் எங்கே பின் அடித்தீர்கள்?

நான், 12:48
அப்பா?

தம்பி, 12:48
ஆளுக்கு ஒன்று பதிய வேண்டும் அப்பா.

அம்மா, 12:49
உறைகள் என்றுதானே சொன்னேன். இரண்டையும்தான் துடைத்தேன்.

அப்பா, 12:53
வீட்டுக்கார அம்மாவை மறுபடி அழைத்திருக்கிறேன். இரவு 9 மணி வரை நேரம் இருக்கிறது. முறுக்குத் தூள் மீதி இருந்தால் ஒரு தட்டில் எடுத்து வை.