செக்கப்புக்குப் போனால் மாத வருமானம் எதற்கு?

தாமிரபரணிக்கரை:
நம் மன்றத்தில் சர்க்கரை மாத்திரை பற்றிய விவாதத் திரியில் 'ஸ்டெதாஸ்கோப்' என்ற டாக்டர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "மருத்துவர் கேட்பதற்குப் பதில் சொல்லத் தயங்குகிறவருக்கு நல்ல வைத்தியம் கிடைக்காது, வருமானமும் அதில் சேர்த்திதான்" என்கிறார். என் அப்பாவை வருடாந்திரச் செக்கப்புக்கு ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். பி.பி. பார்க்கும் முன்பே ஒரு படிவம் நீட்டினார்கள். புகை, மது, தூக்கம் கேட்டிருந்தார்கள், சரி. அப்புறம் மாத வருமானம், சொந்த வீடா வாடகையா, பிள்ளைகளுக்கு எங்கே வேலை, காப்பீடு எத்தனை லட்சம். உள்ளே போனால் டாக்டரும் "பையன் ஐ.டி.யா?" என்கிறார். ஆமாம் என்றதும் எக்கோ (இதய ஸ்கேன்), டி.எம்.டி. (நடக்கவைத்துப் பார்க்கும் இதயப் பரிசோதனை), வைட்டமின் டி, பி12 என்று சீட்டு நீண்டது. டாக்டருக்கு எங்கள் வருமானம் எதற்கு? நேர்மையான பதில் ஒன்று வேண்டும்.

ஸ்டெதாஸ்கோப்:
எழுதியது நான்தான், மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மருத்துவக் கல்லூரியில் கேஸ் ஷீட் (நோயாளி பற்றிய குறிப்பு) எழுதப் பழகும்போதே இதைக் கேட்கக் கற்றுத் தருகிறார்கள். நகரத்துக் குடும்பங்களுக்கு 1976-இல் வந்த குப்புசாமி அளவுகோல் இருக்கிறது. படிப்பு, தொழில், குடும்ப வருமானம் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு ஐந்து வகுப்பாகப் பிரிப்போம். அதற்கும் முன்பே, 1961-இல் வந்தது வருமானத்தை வைத்துப் பிரிக்கும் பி.ஜி. பிரசாத் வகைப்பாடு. நோய் உடம்பில் மட்டும் இருப்பதில்லை, வீட்டிலும் இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொண்டு ராத்திரி சாப்பாடு இல்லாமல் படுக்கிறவருக்குச் சர்க்கரை இறங்கி உயிரே போகலாம். இதெல்லாம் தெரியாதவர்கள்தான் கேள்வியைப் பார்த்துப் பதறுகிறார்கள்.

தாமிரபரணிக்கரை:
அப்படியானால் "ராத்திரி சாப்பிடுகிறீர்களா?" என்று கேளுங்கள். வருமானம் எதற்கு? குப்புசாமி அளவுகோல் சமூக மருத்துவத் துறையின் ஆய்வுக்கும் மாணவர் பயிற்சிக்கும் ஆனது. பணம் கட்டி செக்கப்புக்கு வந்தவரிடம் அதை ஏன் நீட்ட வேண்டும்? எந்த வகுப்பு என்று பார்த்துத்தானே எங்களுக்கு எக்கோ எழுதினார்கள்?

கொல்லிமலைக்காரன்:
அண்ணே, கேட்பதால் நன்மையும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்த அட்டை எடுக்கவே தெரியவில்லை. டாக்டர் ஒரு வார்த்தை கேட்டு வழி சொன்னால் என்ன குறைந்துபோகும்?

தாமிரபரணிக்கரை:
தம்பி, அதற்கு வருவாய்த்துறை தரும் வருமானச் சான்று இருக்கிறது. காப்பீட்டுக்கு என்று தனிக் கவுண்டரும் இருக்கிறது. "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா?" என்று கேட்டால் போதும். ஸ்டெத் வைக்கிற டாக்டருக்கு வருமானம் எதற்கு?

ஸ்டெதாஸ்கோப்:
மருந்து எழுதத்தான். எம்பாகிளிஃப்ளோசின் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்ல மாத்திரை. 2025 மார்ச்சில் காப்புரிமை முடியும் வரை ஒன்று ஏறத்தாழ 60 ரூபாயாக இருந்தது. அப்போது கூலி வேலை செய்கிறவருக்கு அதை எழுதினால் பத்து நாள் வாங்குவார், பிறகு விட்டுவிடுவார். அடுத்த முறை கால் புண்ணோடு வருவார். யாரால் என்ன வாங்க முடியும் என்று தெரியாமல் மருந்து எழுதுவது பொறுப்பில்லாத வேலை. நீங்கள் போன மாதம் ஹோமியோபதித் திரியிலும் இப்படித்தான் விஷயம் புரியாமல் மல்லுக்கு நின்றீர்கள்.

தாமிரபரணிக்கரை:
ஹோமியோபதிக்கு அங்கேயே வாருங்கள், அங்கேயும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை. இங்கே நீங்கள் சொன்னதையே எடுத்துக்கொள்வோம். "இந்த மாத்திரை இத்தனை ரூபாய், பழைய சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் சில ரூபாய்தான், இரண்டுக்கும் வித்தியாசம் இது, எது முடியும்?" என்று நீங்கள் விலையைச் சொல்லுங்கள். முடிவை நாங்கள் எடுக்கிறோம். நோயாளி வருமானத்தைச் சொல்ல வேண்டும், டாக்டர் மட்டும் விலையைச் சொல்ல மாட்டாரா? மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் சிகிச்சைக்கு முன்பே கட்டணத்தைச் சொல்லச் சொல்கின்றன. நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. 2023-இல் வந்த புது விதிகளை அதே மாதம் நிறுத்திவைத்துவிட்டதால் இன்றைக்கும் அதுதான் சட்டம். அதைச் சுவரில் ஒட்டியிருக்கிற ஒரு மருத்துவமனையைக் காட்டுங்கள்.

குறிஞ்சிமலர்:
ஆண்கள் எல்லாரும் பணத்திலேயே நிற்கிறீர்கள். வயிற்று வலி என்று போகிற பெண்ணிடம் முதல் கேள்வியே "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதுதான். ஸ்கேன் எந்த முறையில் எடுப்பது, கர்ப்பமா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார்களாம். அதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம்? அதையும் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அம்மா முன்னால் எந்தப் பெண் உண்மையைச் சொல்வாள்? கர்ப்பப்பைக்கு வெளியே கரு தங்கியிருந்தால் அந்த ஒரு பொய்யால் உயிர் போகும்.

தாமிரபரணிக்கரை:
சகோதரி, அது தனிப் பிரச்சினை. அந்தக் கேள்விக்கு மருத்துவக் காரணமாவது உண்டு. வருமானத்துக்கு என்ன காரணம்?

குறிஞ்சிமலர்:
உங்களுக்கு வந்தால் பிரச்சினை, எங்களுக்கு வந்தால் தனிப் பிரச்சினை. நன்று.

நியூஜெர்சி வாசன்:
எங்கள் அமெரிக்காவில் இதற்கெல்லாம் ஒரு முறை வந்தது. சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடா, வீடு நிலையாக இருக்கிறதா, வந்துபோக வண்டி வசதி உண்டா, மின்கட்டணம் கட்ட முடிகிறதா, வீட்டில் பாதுகாப்பா என்று உள்நோயாளிகளிடம் மருத்துவமனைகள் கேட்டுக் கணக்குத் தர வேண்டும் என 2024-இல் மெடிகேர் என்னும் அரசு முதியோர் காப்பீடு கட்டாயமாக்கியது, 2025-இல் அதை நீக்கிவிட்டது. எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்பது அந்த ஐந்தில் இல்லை. புளோரிடாவில் 2011-இல், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று டாக்டர்கள் கேட்பதைக் கட்டுப்படுத்திச் சட்டமே போட்டார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. கேட்பது டாக்டரின் பேச்சுரிமை.

கொல்லிமலைக்காரன்:
எந்தத் திரியில் போனாலும் உங்கள் அமெரிக்கா வந்துவிடுகிறது சார். இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் துப்பாக்கியைப் பற்றி யார் கேட்கிறார்கள்? அங்கே ஆம்புலன்ஸ் பில்லைப் பார்த்தே நோயாளி நடந்து போகிறார் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

நியூஜெர்சி வாசன்:
அது வேறு சூழலில் சொன்னது. வரியை வெட்டி எடுத்து வாதம் செய்வது உங்கள் பழக்கம்.

தாமிரபரணிக்கரை:
வாசன் சாரே என் பக்கம்தான் சொல்லியிருக்கிறார். ஐந்து கேள்வியில் வருமானம் இல்லை! டாக்டர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நியூஜெர்சி வாசன்:
நான் யார் பக்கமும் இல்லை.

பாலிசி பாண்டியன்:
காப்பீட்டு முகவராக ஒன்று சொல்கிறேன். வருமானத்தை விடுங்கள், "எப்போதாவது குடிப்பேன்" என்று டாக்டரிடம் சொல்கிறீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது "நாட்பட்ட குடிப்பழக்கம்" என்று ஏறுகிறது. அந்தக் காகிதம் நேராகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது, கிளெய்ம் நிற்கிறது. பாலிசி தொடர்ந்து 5 வருடம் ஓடிவிட்டால் மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது, மோசடியை நிரூபித்தால் மட்டும்தான் முடியும். 2024 வரை அது 8 வருடமாக இருந்தது. அதற்குள் வருகிறவர்கள் கதி? ரகசியம் காப்போம் என்று உறுதிமொழி எடுத்த டாக்டர்கள்தான் எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஸ்டெதாஸ்கோப்:
பாண்டியன், உள்ளதைத்தான் எழுதுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதுக் கேள்வித்தாளில் 10 கேள்வி இருக்கிறது, 40-க்கு மதிப்பெண், 8 வந்தாலே கவனிக்க வேண்டியவர். "எப்போதாவது" என்கிறவருக்கு 20 வந்ததைப் பார்த்திருக்கிறேன். பாலிசி விற்கும்போது படிவத்தில் குடிப்பழக்கம் 'இல்லை' என்று நீங்களே டிக் போட்டுக் கையெழுத்து வாங்குகிறீர்களே, அதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள்.

பாலிசி பாண்டியன்:
நான் அப்படிச் செய்தேன் என்று நிரூபிக்க முடியுமா? முகவர் என்றால் திருடனா? மன்னிப்புக் கேளுங்கள்.

தாமிரபரணிக்கரை:
குடிப்பழக்கம் கேட்பதை நான் எதிர்க்கவே இல்லை, முதல் பதிவிலேயே "சரி" என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் நழுவுகிறார். என் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் இல்லை, நெஞ்சு வலி இல்லை, ஈ.சி.ஜி. சுத்தம். பையன் ஐ.டி. என்றதும் எக்கோ எப்படி வந்தது?

ஸ்டெதாஸ்கோப்:
அவரைப் பார்க்காமல் எப்படிச் சொல்ல முடியும்? வயது, பி.பி., சர்க்கரை எதையும் நீங்கள் சொல்லவில்லை. அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு ஒரு தொழிலையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

தாமிரபரணிக்கரை:
வயது 66, பி.பி. மாத்திரை உண்டு, சர்க்கரை இல்லை. சொல்லிவிட்டேன். பார்த்தீர்களா, இப்போதும் உங்களுக்கு வருமானம் தேவைப்படவில்லை.

குறிஞ்சிமலர்:
டாக்டர் சார், என் கேள்வி அப்படியே நிற்கிறது. உங்கள் ஓ.பி.யில் பெண்ணிடம் தனியாகக் கேட்கிறீர்களா? அம்மாவை வெளியே உட்காரச் சொல்கிறீர்களா?

ஸ்டெதாஸ்கோப்:
அம்மா, அரசு ஓ.பி.யில் ஒரே மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இன்னொரு டாக்டர், நடுவில் வரிசை. தனி அறை எங்கே இருக்கிறது? வந்து ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்.

குறிஞ்சிமலர்:
அறை இல்லை என்பது தெரிந்துதானே அத்தனை பேர் நடுவில் சத்தமாகக் கேட்கிறீர்கள்? ஒரு திரைச்சீலைகூடவா கட்ட முடியாது?

ஸ்டெதாஸ்கோப்:
திரைச்சீலை வாங்குவது என் வேலை இல்லை. சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள்.

பாலிசி பாண்டியன்:
மன்னிப்பு இன்னும் வரவில்லை.