ஸ்டோக், ஸ்டோக்கர்: தீத்தூண்டு, தீத்தூண்டுநர்?

> ஸ்டோக் = எரியூட்டு. ஸ்டோக்கர் = எரியூட்டுநர். முடித்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா. stoke, stoker என்ற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடுகிறோம்; அதற்குள் முடிக்க வேண்டாம்.

பாலூட்டு என்றால் பால் போகிறது, குழந்தை வாங்கிக்கொள்கிறது. அதே கணக்கில் எரியூட்டு என்றால் எரி, அதாவது தீ, போகிறது; வாங்கிக்கொள்வது வேறொன்று. பிணத்துக்கு எரியூட்டுகிறோம். ஸ்டோக்கர் செய்வது இதற்கு நேரெதிர்: ஏற்கெனவே எரிகிற உலைக்கு நிலக்கரி கொடுக்கிறார். நீராவிக் கப்பலின் கொதிகலன் அறையில் 'எரியூட்டுநர் நால்வர் இருந்தனர்' என்று எழுதினால், வாசகர் நேரே மயானத்துக்குப் போய்விடுவார்.

> அப்படியானால் தீமூட்டுநர்?

மூட்டுவது தொடங்கிவைப்பதோடு சரி. பணி நேரம் முழுக்க ஒருவர் மூட்டிக்கொண்டே இருக்க முடியாது. (நீராவி ரயில் எஞ்சினில் இதே வேலை பார்த்தவர் ஃபயர்மேன். அவரைத் தீயணைப்பு வீரர் என்று பெயர்த்துவிட்டால் வண்டி நகராது!)

கரி அள்ளிப் போடுவது அந்த வேலையில் பாதிதான். உலைக்குள் கரி எரியும் தட்டின் மேல் அதை மெல்லிசாக, பரவலாக வீச வேண்டும். ஒரே இடத்தில் குவிந்தால் காற்றுப் புகாது, புகைதான் மிஞ்சும். நீளக் கம்பியால் குத்திக் கிளறி, உருகி ஒட்டிய சாம்பல் கட்டிகளைப் பெயர்த்தெடுக்க வேண்டும். சொல்லின் வேரும் இந்தக் குத்தலில்தான் இருக்கிறது. டச்சு மொழியின் 'ஸ்டோக்கன்' தீயைப் பேணுவதைக் குறிக்கும். அதன் பழைய பொருள் குத்து, தள்ளு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் முதலில் வாங்கியது ஆளைக் குறிக்கும் ஸ்டோக்கரைத்தான். ஸ்டோக் என்ற வினை அதன் வாலை நறுக்கிப் பிறகு உண்டானது. திரவங்களின் பாகுநிலையை அளக்கும் அலகான ஸ்டோக்ஸுக்கும் இதற்கும் உறவில்லை. அது ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்ற அறிவியலாளரின் பெயர்.

குத்தலும் ஊட்டலும் ஒரே செயலாக அமைந்த வினை நம்மிடம் இருக்கிறது: தூண்டு. விளக்குத் திரியைக் கோலால் தள்ளும்போது கரிந்த நுனி உதிர்கிறது, எண்ணெய் ஊறிய புதுத்திரி சுடருக்குக் கிடைக்கிறது. 'தூண்டு சுடரனைய சோதி' என்று அப்பர் பாடுவதும் இந்தச் சுடரைத்தான். வெறுப்பைத் தூண்டினான், கலகத்தைத் தூண்டினான் என்ற பொருள் விரிவு ஆங்கிலத்திலும் அச்சாக இப்படியே நடந்திருக்கிறது. கிளறு என்பதையும் எண்ணிப் பார்த்தேன். பழம்பகையைக் கிளறலாம், தணலைக் கிளறலாம். ஆனால் அதில் விறகு போடும் பொருள் இல்லை.

> தூண்டல் ஏற்கெனவே மின்னியலில் இருக்கிறதே?

இருக்கிறது. உயிரியலிலும் இருக்கிறது. அதனால்தான் தீ என்ற முன்னொட்டை விடக் கூடாது என்கிறேன்: தீத்தூண்டு, தீத்தூண்டல், தீத்தூண்டுநர். ஒற்று மிகுவது நாக்குக்குக் கொஞ்சம் கடினம்தான், பழகிவிடும்.

எந்திர ஸ்டோக்கரை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். சங்கிலித் தட்டு வகையில் யாரும் குத்துவதில்லை, தட்டே நகர்ந்து கரியை உலைக்குள் கொண்டுபோகிறது. அதற்குக் 'கரியூட்டி' போதும். அங்கே ஊட்டப்படுவது கரிதான், இலக்கணமும் இடிக்காது. மரத்தூள், உமி எரிக்கும் கொதிகலன்களுக்கும் அந்தப் பெயர் செல்லுமா, அல்லது 'எரிபொருளூட்டி' என்று நீட்ட வேண்டுமா என்பதைக் கொதிகலன் பக்கம் வேலை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.