உப்புக்காற்றில் இறுகிப்போன சி 90 எஞ்சின்

ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் கிடக்கும் மட்டக்களப்புக் கல்லடி போன்ற இடத்தில் பல வருடம் ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிளைத் திருத்த விரும்புபவர், தேய்மானத்துக்கு முன் உப்பைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். என் மாமாவின் ஹொண்டா சி 90 தகரக் கொட்டிலில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றதால், மாரிக்கால ஈரமும் உப்புக்காற்றும் அந்தத் துவாரத்தால் புகுந்து, பிஸ்டன் வளையங்களைச் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிவிட்டிருந்தன.

கிக்கரில் ஏறி மிதித்துப் பார்க்கத்தான் எவருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் கிக்கர் தண்டின் பற்கள்தான் முதலில் போகும். இந்த எஞ்சினில் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருப்பதால், வண்டியில் வைத்தபடியே எண்ணெய் ஊற்றினால் அது கீழ்ப்பக்கத்தில் மட்டும் தேங்கும். ஆரையம்பதியில் எனக்குத் தெரிந்த முதிய மெக்கானிக் ஒருவர், எஞ்சினை இறக்கி, சிலிண்டரை மூடும் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர் வாய் மேலே பார்க்க நிறுத்தச் சொன்னார். டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து ஊற்றிவிட்டு, "அவசரப்படாத மனே, எண்ணெய் குடிக்கட்டும்" என்று போய்விட்டார். பிறகு எஞ்சினோடு சுழலும் கனச்சக்கரமான பிளைவீலின் நட்டில் ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்தபோது, ஒரு மயிரிழை அளவு நகர்ந்து, சிறு முறுமுறுப்புடன் விட்டுக்கொடுத்தது.

அதைவிடச் சிரமம் கொடுத்தவை சைலன்சரைப் பிடிக்கும் ஸ்டட்டுகள் என்னும் தலையில்லாத மரையாணிகள். அலுமினிய ஹெட்டும் உருக்கு ஸ்டட்டும் சந்திக்கும் இடத்தில் சுண்ணாம்புத்தூள் போன்ற வெள்ளை அரிப்பு இறுகியிருந்தது. சூடாக்கினால் அலுமினியம் உருக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும் என்பதால், ஸ்டட்டை விட்டுச் சுற்றியுள்ள ஹெட்டையே சூடாக்கிக் கழற்றினோம்.

சிலிண்டர் சுவரில் குழிகள் விழுந்திருந்தன. அவற்றைத் தேய்த்துவிட்டுப் புது வளையம் போட்டால் போதும் என்போர் உண்டு. குழியில் தங்கும் ஒயில் எரிந்து புகைவதோடு வளையமும் விரைவில் தேய்ந்துவிடும் என்பதால் நான் அதற்கு உடன்படவில்லை. 50 மில்லிமீற்றர்ச் சிலிண்டரை 50.5 ஆகக் கடையும் முன், புதிய பிஸ்டனைக் கல்முனையில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், அதை அளந்தே கடையச் சொன்னோம். காபரேற்றரில் பழைய பெற்றோல் பிசினாகியிருந்தது. பெற்றோல் பாயும் நுண்துளை ஜெட்டுகளைக் கழுவியதோடு அந்த வேலை முடிந்தது.

பூட்டும்போது பிளைவீலின் 'டி' (T) குறியும் வால்வுகளை இயக்கும் கேம் பற்சக்கரத்தின் 'ஓ' (O) குறியும் தத்தம் அடையாளங்களுக்கு நேரே நிற்பதை உறுதிசெய்து, எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வால்வு இடைவெளியை 0.05 மில்லிமீற்றருக்கு வைத்தோம். முதல் ஒயிலைச் சில நாளிலேயே வடித்தபோது உலோகத்தூள் மினுமினுத்தது. புது வளையம் சுவரோடு பழகும்போது அது இயல்பே. இரண்டாம் ஒயில் தெளிவாக வந்த பிறகுதான் மாமாவை வாழைச்சேனை வரை ஓட்ட விட்டேன்.