ஹிப்னோசோயிட், ரிலாப்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

மலேரியா ஆய்வகக் கையேட்டின் தமிழாக்கம் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. ரிலாப்ஸ், ரீக்ரூடெசன்ஸ், ரீஇன்ஃபெக்‌ஷன் மூன்றுக்கும் வரைவில் 'மறுதாக்கம்' என்றே விழுந்திருக்கிறது. மூன்றும் வேறு, கொடுக்கும் மருந்தும் வேறு.

மலேரியாக் கிருமி வகைகளில் ஒன்றான வைவாக்ஸில் ஒரு பங்கு ஈரல் செல்லுக்குள் வளராமல் அடங்கிக் கிடக்கும். அதுதான் ஹிப்னோசோயிட். குளோரோகுயின் (உடல் எடை கிலோவுக்கு 25 மி.கி., மூன்று நாளில் பிரித்து) ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும், ஈரலில் கிடப்பதைத் தொடாது. வாரங்களோ மாதங்களோ கழித்து அது விழித்து ரத்தத்துக்கு வந்தால் ரிலாப்ஸ். ரத்தத்திலேயே சாகாமல் மிஞ்சியது பெருகினால் ரீக்ரூடெசன்ஸ். வேறொரு கொசு கடித்து வந்தால் ரீஇன்ஃபெக்‌ஷன்.

என் முன்மொழிவு: ஹிப்னோசோயிட்டுக்குத் துயிலுண்ணி, மற்ற மூன்றுக்கும் முறையே மறுமுளைப்பு, மறுதழைப்பு, மறுதொற்று. வயலைப் பார்த்து எடுத்தவை. கோரையை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு மண்ணில் கிடந்து மறுபடி முளைக்கும், அது ரிலாப்ஸ். அறுத்த தாளிலிருந்து மறுதாம்பு தழைப்பது ரீக்ரூடெசன்ஸ்.

———

> துயிலுண்ணி

இது வேண்டாம் ஐயா. உண்ணி என்றதும் மாட்டு உண்ணிதான் நினைவுக்கு வரும். ஸ்க்ரப் டைஃபஸுக்கு 'உண்ணிக்காய்ச்சல்' என்ற பெயர் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. படிப்பவர் தோலில் தேடுவார். 'துயிலுரு' என்று வைத்தால் கிருமியின் மற்ற வளர்ச்சிப் பருவங்களுக்கும் ஒரே அச்சு கிடைக்கும்: ஸ்போரோசோயிட் வித்துரு, ட்ரோஃபோசோயிட் வளருரு, ஸைசான்ட் பிளவுரு. மெரோசோயிட்டுக்கு மட்டும் யாரும் 'கூற்றுரு' என்று எழுதிவிட வேண்டாம். எமன் வந்து நிற்பான்.

கோரை உவமை பிடித்திருக்கிறது. ஆனால் ஆய்வகத்தில் ஒரு சிக்கல். இன்னொரு மலேரியாக் கிருமியான ஃபால்சிபாரத்துக்குத் துயிலுரு கிடையாது. எனவே சிகிச்சைக்குப் பின் கிருமி திரும்பத் தெரிந்தால், வடிதாளில் எடுத்து வைத்த முதல் நாள் ரத்தத்தையும் திரும்பிய நாள் ரத்தத்தையும் பிசிஆர் என்ற மரபணுச் சோதனையில் ஒப்பிடுவார்கள். எம்எஸ்பி-1, எம்எஸ்பி-2 போன்ற மரபணுக் குறிகள் பொருந்தினால் தழைப்பு, பொருந்தாவிட்டால் புதுக் கடி. அதிலும் கோளாறு வரும். முதல் நாளே இரண்டு மூன்று வகைகள் கலந்திருந்து, சிறுபான்மை வகை பிசிஆரில் தப்பிவிட்டால், மருந்துக்குத் தப்பியதைப் புதுத் தொற்று என்று எழுதிவிடுவோம்.

வைவாக்ஸில் இந்த ஒப்பீடே கைகொடுக்காது. பழைய கடிகளில் தங்கிய துயிலுருவும் விழிக்கலாம் என்பதால், முளைத்து வருவது முதல் நாள் வகையாக இருக்க வேண்டியதில்லை. இதற்குமேல், இந்தோனேசியப் பப்புவாவில் அகற்றப்பட்ட மண்ணீரல்களை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வு, ஓடும் ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு வைவாக்ஸ் மண்ணீரலில் குவிந்திருப்பதைக் காட்டியது. ஈரலிலிருந்து வந்தது என்று நாம் எழுதியதில் ஒரு பங்கு மண்ணீரலில் மிஞ்சியதாகவும் இருக்கலாம்.

அதனால் மூலத்தைச் சொல்லாத பொதுச்சொல் ஒன்றும் கட்டாயம் வேண்டும். கட்டுரைகளில் ரிகரன்ஸ் என்பார்கள். அதை 'மீள்காய்ச்சல்' ஆக்கக் கூடாது. காய்ச்சலே இல்லாமல் கண்ணாடித் தகட்டில் கிருமி தெரியலாம். 'மறுவரவு' எப்படி?

———

டொக்டர் சொன்ன பொதுச்சொல் எங்களுக்கும் உதவும். இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. இங்கே ஒவ்வொரு நோயாளியையும் வகைப்படுத்த வேண்டும். வெளிநாட்டில் வைவாக்ஸ் வந்து திரும்பிய ஒருவருக்கு மூன்று மாதம் கழித்துக் குருதியில் கிருமி கண்டால், அது அவருடைய ஈரலிலிருந்து வந்ததா, உள்ளூர் நுளம்பு கடித்ததா? பின்னதென்றால் சுற்றுவட்டாரத்தில் குருதிச் சோதனை, நுளம்புத் தேடல் எல்லாம் தொடங்க வேண்டும். சொல் குழம்பினால் வேலையும் குழம்பும்.

ஒரு குறை: நான்கும் 'மறு' என்றே தொடங்குகின்றன. பதிவேட்டில் முழுச்சொல்லை எவரும் எழுதமாட்டார்கள். மறுதழைப்பு 'ம.த.', மறுதொற்று 'ம.தொ.', மை கசிந்தால் இரண்டும் ஒன்றுதான். அத்தோடு ரீஇன்ஃபெக்‌ஷனுக்கு 'மறு' பொருந்தவுமில்லை. பழையது திரும்பவில்லையே, புதிதல்லவா வந்திருக்கிறது? 'புதுத்தொற்று' என்றே போடலாம்.

———

இரண்டு திருத்தமும் சரி. ரிலாப்ஸை 'துயில்முளைப்பு' ஆக்கிவிட்டேன், துயிலுருவோடும் ஒட்டிக்கொள்கிறது. 'துயிலெழல்' என்றும் யோசித்தேன், விடியற்காலைக் கோயில் வாசனை அடிக்கிறது. பதிவேட்டுச் சுருக்கம்: து.மு., ம.த., பு.தொ., மூலம் தெரியாவிட்டால் ம.வ.

சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்கக் கையேட்டின் ஒரு பத்தி:

"துயிலுருவைக் கொல்ல ப்ரைமாகுயின், கிலோவுக்கு 0.25 மி.கி. வீதம் 14 நாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவது துயில்முளைப்புக்குப் பெரிய காரணம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவருக்கு ப்ரைமாகுயின் சிவப்பணுவை உடைக்கும், முதலில் சோதிக்கவும். கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. 28 நாளுக்குள் மறுவரவு கண்டு, ரத்தத்தில் குளோரோகுயின் போதிய அளவு இருந்தால், அது துயில்முளைப்போ மறுதழைப்போ, குளோரோகுயினுக்குக் கிருமி அடங்கவில்லை என்றே கொள்க."

கடைசி வரியில் 'மறுதாக்கம்' இருந்தபோது இந்த வேறுபாட்டைச் சொல்லவே வழியில்லை.

மெரோசோயிட் இன்னும் தொங்குகிறது. 'சிதறுரு' என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். பிளவுரு வெடித்துச் சிவப்பணுவிலிருந்து சிதறுவது அதுதானே. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.