சுவாமி மலை: முழங்கால் வலியுள்ள அம்மாவோடும் சின்னப் பிள்ளைகளோடும் போக எந்த நேரம், எந்த வழி?

குளத்தடியான் (கேள்வி)

ஜூனில் ஒரு சனிக்கிழமை வவுனியாவிலிருந்து குடும்பமாகத் திருகோணமலை வர இருக்கிறோம். அப்பா அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 6, 9 வயது. சுவாமி மலையில் கோணேசரைக் கும்பிடுவதோடு நிற்காமல், அங்கே போகும் வழியில் உள்ள கோட்டைக்குள் மர நிழலில் நடந்து, மேலே நின்று கடல் பார்த்து, பிள்ளைகளுக்கு மானையும் காட்ட வேண்டும். கோட்டை வாசலிலிருந்து நடக்கலாமா, ஓட்டோவில் போவதா? எத்தனை மணிக்கு வந்தால் வெயிலில் வதங்காமல் இறங்கலாம்? மேலிருந்து திமிங்கிலம் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

கோட்டைவாசல்

ஜூன் என்றால் கச்சான் காற்றுக் (தென்மேற்குக் காற்று) காலம். காற்று தரைப்பக்கமிருந்து வருவதால் குளிர்ச்சி கிடையாது, ஒன்பது மணிக்கே அனல் அடிக்கும். காலை ஆறரைக்கு ஏறத் தொடங்கி ஒன்பதுக்குள் இறங்கிவிடுகிற மாதிரி வையுங்கள்.

சூரிய உதயம் பார்க்க ஆசையென்றால் அதை மலையில் தேட வேண்டாம். ஜூனில் 5.50 மணியளவில் விடியும். கோட்டைக்குத் தெற்கே உள்ள டச்சுக் குடாக் கரையின் நடுப்பகுதியில் நின்றால் இடது கைப்பக்கம் சுவாமி மலை, அதற்கு வலப்பக்கமாக, திறந்த கடலில் சூரியன் எழும்பும். அதைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வருவது வசதி.

வாசலிலிருந்து கோயிலடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். தார் வீதிதான், சரிவும் மெதுவானது, பெரும் பகுதிக்கு நிழல் உண்டு. பிள்ளைகளோடு நின்று நின்று போனால் அரை மணித்தியாலம். வாகனம் கோயிலுக்குக் கிட்ட வரை போகும். கோட்டை இராணுவத்தின் கையில் இருக்கிறது, வாசலில் பையைப் பார்ப்பார்கள், பெரியவர்கள் அடையாள அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். வீதியிலிருந்து பிரிந்து மரங்களுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகள் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் முகாம் கட்டிடங்கள் உள்ள பக்கம் போகவோ படம் எடுக்கவோ விடமாட்டார்கள். ட்ரோன் கொண்டு வருவதை மறந்துவிடுங்கள்.

உள்ளே நுழையும்போது அவசரப்பட வேண்டாம். வாசல் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கும், பக்கத்தில் குளக்கோட்டன் மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்று சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1622 இல் கோயிலை இடித்து அந்தக் கல்லையே கோட்டைக்குப் போட்டார்கள். 1639 இல் ஒல்லாந்தர், 1795 இல் ஆங்கிலேயர் என்று கை மாறி, 1803 இல்தான் பிரட்ரிக் கோட்டை என்ற பெயர் வந்தது. எழுத்து தேய்ந்திருப்பதால் நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. தொலைபேசி டோர்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது நல்ல விளையாட்டு.

அம்மாவை ஓட்டோவில் மேலே கொண்டுபோய் விட்டு, வரும்போது எல்லோரும் சேர்ந்து நடந்து இறங்கலாம்.

வாடைக்காற்று

மேலே சொன்னது எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர. முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் பொல்லாதது. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்புப் பாரத்தை மடங்கிய முழங்கால் தாங்கிப் பிடிக்க வேண்டும், தொடைத் தசை இழுபட்டபடியே வேலை செய்யும். வயதானவர்கள் ஏறும்போது மூச்சுத்தான் வாங்குவார்கள், முழங்கால் பிடித்துக்கொள்வது இறங்கும்போதுதான். ஆகவே அம்மாவுக்கு முடியுமென்றால் ஏறும்போது நிழலில் மெதுவாக நடக்கட்டும், இறங்க ஓட்டோ. இரண்டு வழிக்கும் ஓட்டோ என்றாலும் குறைவில்லை, வாகனம் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரைக்கும் நடையும் படியும் உண்டு, அதுவே அவருக்குப் போதும். கைத்தடி இருந்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்கச் சொல்லுங்கள், பலர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள்.

இன்னொன்று, செருப்பு. கோயிலடியில் கழற்றிய பிறகு வெறுங்கால்தான். ஒன்பதரை பத்துக்கு மேல் வெயில் பட்ட கல் கொதிக்கும், சின்னப் பிள்ளைகள் துள்ளுவார்கள். தடிப்பான பருத்திக் காலுறை ஆளுக்கு ஒரு சோடி பையில் இருக்கட்டும். நைலோன் காலுறை வேண்டாம், கல்லில் வழுக்கும். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், அப்பாவுக்கு வேட்டி சுலபம். அரைக் காற்சட்டையோடு வருவது சரிவராது. மத்தியானம் நடை சாத்திப் பின்னேரம்தான் திறப்பார்கள், வவுனியாவிலிருந்து ஆறுதலாகப் புறப்பட்டு வருகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். முதல் நாள் இரவே வந்து தங்குவது மேல்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர். வழியில் கடைகள் உண்டுதான், ஆனால் விடியற்காலையில் எல்லாம் திறந்திருக்காது.

புள்ளிமான்

மான் விஷயத்தை யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கோட்டைக்குள் நிற்பவை புள்ளிமான்கள். காலையில் வீதியோரத்திலேயே மேயும், தேடி அலைய வேண்டாம். மனிதர்களுக்குப் பழகிப்போனதால் கிட்ட வரும். அதுவேதான் சிக்கலும். கொம்பு முற்றிய கிடாய்க்குத் தலையைச் சும்மா ஒரு திருப்புத் திருப்பினாலே கொம்பு நுனி ஆறு வயதுப் பிள்ளையின் முகத்து உயரத்துக்கு வரும். பத்தடி தள்ளி நிற்கப் பழக்குங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போக வேண்டாம்.

சாப்பாடு கொடுக்காதீர்கள். மான் அசைபோடும் விலங்கு, அதன் இரைப்பை இலைக்கும் புல்லுக்கும் ஏற்றது. பாண், சோறு, பிஸ்கட் நிறையப் போனால் உள்ளே மாச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் கூடும், மான் மேய்ச்சலை விட்டுச் சோர்ந்து படுத்துவிடும். அதைவிடக் கொடியது பொலித்தீன். உப்பும் எண்ணெயும் பட்ட வடைப் பையை மணந்து மான் பையோடேயே விழுங்கும். அது சமிக்காது, வெளியேயும் போகாது, வயிற்றில் திரண்டு கட்டியாகி இடத்தை அடைக்கும். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், மான் எலும்பும் தோலுமாக மெலியும். கச்சான் கடலை சுற்றிய பை, அர்ச்சனைச் சாமான் பை எல்லாவற்றையும் துணிப்பைக்குள் போட்டுக் கட்டி வீட்டுக்கே கொண்டு போங்கள். குப்பைத் தொட்டியில் போட்டாலும் குரங்கு கிளறி எறியும், அதை மான் எடுக்கும்.

குரங்குக்கும் இதே கதைதான். பழத்தட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நடந்தால் பறித்துவிடும், மூடிக் கொண்டு போங்கள்.

தொலைநோக்கி

திமிங்கிலம் உண்மைதான். திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிகக் கிட்டவே தொடங்குகிறது, அதனால் ஆழக் கடலில் திரியும் நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் மலையிலிருந்து பார்க்கும் தூரத்துக்கு வருகின்றன. ஜூன் நல்ல மாதம். ஆனால் வெறுங்கண்ணால் உடலைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். தெரிவது மூச்சுத்தான்.

8 மடங்கு தொலைநோக்கி போதும், 12 மடங்கு என்றால் கை நடுக்கத்தில் கடலே ஆடும். முழங்கையைத் தடுப்புக் கட்டையில் ஊன்றுங்கள். கோயிலடியில் கிழக்குப் பார்த்து நின்று, அடிவானத்துக்குச் சற்றுக் கீழே இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். நிமிர்ந்த வெள்ளைத் தூண் மாதிரி எழும்பினால் நீலத் திமிங்கிலம், அந்த மூச்சு 9 மீற்றர் வரை போகும். குட்டையாக, புதராக, முன்னுக்கு இடப்பக்கம் சாய்ந்து அடித்தால் எண்ணெய்த் திமிங்கிலம். அதற்கு மூச்சுத் துளை தலையின் இடது முனையில் இருக்கிறது, அதனால்தான் சாய்வு. மூச்சு தெரிந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள், மறுபடி அங்கேயே பக்கத்தில் வரும்.

காலை ஏழு, எட்டு மணிக்குச் சூரியன் நேர் எதிரே அடிப்பதால் அதற்கு நேர் கீழே உள்ள கடல் வெள்ளித் தகடு மாதிரிக் கூசும், அந்தப் பகுதியை விட்டுத் தென்கிழக்கைப் பாருங்கள். வெயில் ஏறி இன்னும் தாமதித்தால் காற்றுக் கூடி அலை முனை வெள்ளை வெள்ளையாக உடையும், பிறகு எது மூச்சு எது நுரை என்று பிரிக்க முடியாது. பிள்ளைகள் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண் போய்விடும்.

குளத்தடியான்

எல்லோருக்கும் நன்றி. அப்போ வெள்ளி இரவு வந்து தங்கி, அம்மா ஏற நடை, இறங்க ஓட்டோ. மலைப் பாறையில் பிளவாக இருக்கும் இராவணன் வெட்டு பக்கம் பிள்ளைகளைக் கொண்டு போகலாமா? பிறகு கன்னியா வெந்நீரூற்றுக்கும் அன்றைக்கே போகலாமா?

வாடைக்காற்று

வெட்டைப் பார்க்கலாம், கையைப் பிடித்துக்கொண்டு மட்டும். மலை அங்கே செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. பிள்ளைவரம் கேட்டுச் சின்ன மரத் தொட்டில் கட்டும் மரம் அந்தப் பக்கம்தான், வேண்டுதல்காரர் கூட்டத்தில் விளிம்புப் பக்கம் தள்ளுப்படாமல் உட்பக்கமாக நில்லுங்கள். தடுப்புக் கட்டையில் பிள்ளையை ஏற்றி நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். கச்சான் காற்று முதுகிலிருந்து கடல் பக்கம் தள்ளும், தொப்பி பறந்தால் பிள்ளை தன்னை அறியாமல் அதன் பின்னால் ஓடும். தொப்பிக்கு நாடா வைத்துத் தையுங்கள்.

கன்னியா அநுராதபுர வீதிப் பக்கம், நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர். ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான். மத்தியான வெயிலில் வெந்நீரில் குளித்தால் வயதானவருக்குத் தலை சுற்றும், ஆகவே மலையிலிருந்து நேரே போகாமல் சாப்பிட்டு ஓய்வெடுத்துவிட்டுப் பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள். அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே ஊற்றினால் போதும், சூடு குறைந்த கிணற்றில் தொடங்கட்டும்.