ஸ்நேக் பிளாண்ட் இலைத்துண்டில் முளைத்த கன்றுகளில் மஞ்சள் கரை இல்லை, காரணம் என்ன?

கேள்வி (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். மறைந்த என் தாயார் பல ஆண்டுகள் வளர்த்த ஸ்நேக் பிளாண்ட் தொட்டி ஒன்று இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வாள் போல் நிமிர்ந்த இலைகள், நடுவே கரும்பச்சை வரிகள், இரு ஓரங்களிலும் புடவைக்குக் கரை வைத்தது போன்ற மஞ்சள். என் தங்கைகள் இருவரும் ஆளுக்கு ஒரு செடி கேட்டதால், தை மாதத்தில் இரண்டு இலைகளை அறுத்து, மூன்று அங்குல அளவில் எட்டுத் துண்டுகளாக்கி, அன்றே தோட்ட மண்ணும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்த தொட்டியில் நட்டு, ஒன்று விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றி வந்தேன். மூன்று துண்டுகள் அழுகிவிட்டன. இரண்டு அழுகவும் இல்லை, வேர் விடவும் இல்லை. மீதி மூன்றில் ஐந்து மாதம் கழித்து இப்போது கன்றுகள் வந்துள்ளன. ஆனால் மூன்றும் முழுப் பச்சையாக இருக்கின்றன. வளர வளர மஞ்சள் கரை வருமா? உரம் ஏதேனும் இட வேண்டுமா?

மறுமொழி (மதுரை)

வெளிச்சம் குறைந்தால் வண்ண இலைச் செடிகள் பச்சையாக மாறுவதை என் வீட்டுக் குரோட்டன்ஸில் பார்த்திருக்கிறேன். கன்றுகள் இருக்கும் தொட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கேட்டவர்

கிழக்கு பார்த்த பால்கனியில், தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். தாய்ச்செடியின் மஞ்சள் சிறிதும் மங்கவில்லை.

மறுமொழி (ஓசூர், நர்சரி நடத்துபவர்)

அம்மா, அப்படியானால் வெளிச்சம் காரணமல்ல, உரமும் காரணமல்ல. நீங்கள் சொல்வது 'லாரென்டி' என்னும் வகை. அதன் குருத்து நுனியில் இருவகைத் திசுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வாழ்கின்றன. ஓர் அடுக்கின் செல்களுக்குப் பச்சையம் உண்டாக்கும் ஆற்றல் கிடையாது, அந்த அடுக்கிலிருந்து உருவாகும் பகுதியே இலையின் மஞ்சள் ஓரமாகிறது. தாவரவியலார் இத்தகைய செடியைக் கைமேரா என்பார்கள். இலையை அறுத்து நடும்போது அந்தக் குருத்து நுனி துண்டோடு வருவதில்லை. அறுத்த இடத்துக்கு அருகே, உள்ளிருக்கும் பச்சைத் திசுவிலிருந்து புதிய மொட்டு தோன்றுகிறது. ஆகவே கன்று பச்சையாகத்தான் பிறக்கும், எத்தனை ஆண்டு வளர்த்தாலும் மஞ்சள் கரை வராது. நடுவிலுள்ள கரும்பச்சை வரிகள் செடி முழுவதற்கும் பொதுவானவை என்பதால் அவை மட்டும் தவறாமல் வந்துவிடும்.

அந்த மூன்று கன்றுகளையும் எறிந்துவிடாதீர்கள். அவையும் உங்கள் தாயாரின் செடியே. பச்சையம் நிறைந்திருப்பதால் அவை தாயைவிட வேகமாகவும் உறுதியாகவும் வளரும்.

அசையாமல் நின்ற இரண்டு துண்டுகளைத் தலைகீழாக நட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இலையில் வேர்ப்பக்கம் இருந்த முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும், மாற்றி நட்டால் வேர் விடாது. துண்டாக்கிய பிறகு எது அடி, எது நுனி என்று கண்டுபிடிப்பது கடினம் என்பதால் நாங்கள் அடிமுனையை மட்டும் சாய்வாக அறுப்போம். அழுகலுக்குக் காரணம், அறுத்த அன்றே ஈர மண்ணில் நட்டது. நிழலில் மூன்று நான்கு நாள் உலர்த்தி, அறுத்த வாய் தோல் கட்டிய பிறகே நட வேண்டும். கோகோபீட் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பதால், அதைக் குறைத்துப் பருமணலைக் கூட்டுங்கள்.

மஞ்சள் கரையோடு செடி வேண்டுமென்றால் பக்கக் கன்றைப் பிரிப்பது ஒன்றே வழி. தாய்ச்செடியைத் தொட்டியோடு சாய்த்து வெளியே எடுத்து மண்ணை உதிர்த்தால், இஞ்சியைப் போல் படுத்து வளரும் தடித்த தண்டும், அதன் நுனிகளில் கன்றுகளும் தெரியும். மூன்று இலையாவது விட்டு, சொந்த வேரும் பிடித்த கன்றாகப் பார்த்து, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் தண்டோடு சேர்த்து அறுங்கள். ஓரிரு நாள் உலர்த்தி, செம்மண்ணும் பருமணலும் சம அளவும் கோகோபீட் சிறிதும் கலந்து, கன்றின் வேருக்குச் சற்றே பெரிதான மண் தொட்டியில் நடுங்கள். முதல் தண்ணீர் நான்கைந்து நாள் கழித்துப் போதும். அதன் பிறகு மண் அடிவரை காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். வெப்பமுள்ள இந்த ஆனி, ஆடி மாதங்களில் செய்துவிடுவது நல்லது. ஐப்பசி மழையில் பிரித்தால் அழுகும் வாய்ப்பு அதிகம்.

தாய்ச்செடியின் அடியிலிருந்தே சில நேரம் முழுப் பச்சைக் கன்று எழும்பும். அதை உடனே பிரித்துத் தனியே வையுங்கள். விட்டுவைத்தால் அது வேகமாகப் பெருகி மஞ்சள் கரை இலைகளை நெருக்கிவிடும்.

இதை வெளிநாட்டுச் செடியென்றே பலரும் ஒதுக்குகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது உண்மைதான், ஆயினும் நம் வறண்ட காடுகளில் முன்னோர் நார் உரித்த மருள் என்னும் செடி இதற்கு நெருங்கிய உறவு. இந்தச் செடி முன்பு இருந்த சான்சிவேரியா என்ற பேரினத்தை இப்போது டிரசீனாவோடு சேர்த்துவிட்டார்கள். நர்சரிச் சீட்டுகளில் இன்னும் பழைய பெயரே இருப்பதால், வாங்கும்போது இரண்டையும் நினைவில் வையுங்கள்.

மறுமொழி (கொழும்பு)

தங்கைகள் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் செடியை உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இலையில் சப்போனின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால், மென்று தின்றால் வாந்தியும் பேதியும் வரும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. இன்று தொட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். மஞ்சள் கரையோடு இரண்டு கன்றுகள் இருந்தன. ஒன்றில் வேர் நன்றாக இருக்கிறது. மற்றொன்றை அறுத்த பிறகுதான் அதில் வேரே இல்லை என்பதைக் கவனித்தேன். அது பிழைக்குமா?

மறுமொழி (ஓசூர்)

அடித்தண்டு ஒட்டியிருந்தால் பிழைக்கும். நான்கு நாள் உலர்த்திய பின், கழுவிய பருமணலில் இரண்டு அங்குல ஆழம் நட்டு, சாயாமல் ஒரு குச்சியோடு கட்டி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை ஓரமாகச் சிறிது தண்ணீர் போதும். ஓரிரு மாதத்தில் வேர் பிடிக்கும், அதுவரை ஆட்டிப் பார்க்க வேண்டாம். வேர் பிடித்தது உறுதியான பிறகு தங்கையிடம் கொடுங்கள்.