நம்ம வீடு குழு: அம்மா ஏ, அப்பா பி

அம்மா: அவருக்குக் கிட்னி மாத்தறதுக்காக எடுத்த ரத்த ரிப்போர்ட் வந்துடுச்சு. நான் ஏ நெகட்டிவ், அவர் பி பாசிட்டிவ். என் கிட்னி அவருக்குச் சேராதாம். வீட்டுக்கு வந்ததிலேருந்து கையும் ஓடல காலும் ஓடல.

மாமா: ஒண்ணு நெகட்டிவ் ஒண்ணு பாசிட்டிவ்னா எப்படிம்மா சேரும்?

சித்தி: அண்ணா, கிட்னிக்கு பாசிட்டிவ் நெகட்டிவ் கணக்கே இல்ல. அது சிவப்பணு மேல இருக்கற சமாச்சாரம். இங்க இடிக்கறது ஏ, பி தான்.

நான்: நான் ஓ. நான் தர்றேன்னு எத்தனை தடவை சொல்றது?

அம்மா: நீ பேசாம இருடா. 23 வயசுப் பையன்கிட்ட வாங்கிக்க உங்கப்பா சம்மதிக்க மாட்டார். நானும்தான்.

மாமா: காசு கொடுத்தா ஆள் பிடிச்சுத் தர்றேன்னு ஒருத்தர் சொன்னார். விசாரிக்கட்டுமா?

சித்தி: வேண்டவே வேண்டாம்ணா. கிட்னியை விக்கறதும் வாங்கறதும் 1994 சட்டப்படி குற்றம். வயித்துப்பாட்டுக்கு விக்கறவன் உடம்பை யார் பாத்துக்கறது?

சித்தி: அக்கா, டயாலிசிஸ் வார்டுல இத்தனை வருஷமா நிக்கறவ சொல்றேன், கேளு. அத்தான் ரத்தத்துல ஏ-வை எதிர்க்கற ஆன்டிபாடி பிறந்த கொஞ்ச மாசத்துலயே ஊறிடும். உன் கிட்னியோட ரத்தக்குழாய்ல ஏ இருக்கு. அப்படியே வச்சா அதைத் தாக்கி, ரத்தம் உறைஞ்சு, சில மணி நேரத்துலயே கிட்னி போயிடலாம். அதனாலதான் சேராதுங்கறாங்க. ஆனா கதவு சாத்தியாச்சுன்னு அர்த்தமில்ல.

அம்மா: வேற வழி இருக்காடி?

சித்தி: ரெண்டு இருக்கு. ஒண்ணு, ஆன்டிபாடியைக் குறைச்சுட்டு உன் கிட்னியையே வைக்கறது. ஆபரேஷனுக்கு ரெண்டு, மூணு வாரம் முன்னாடி ரிடுக்சிமாப்னு ஒரு ஊசி. அப்புறம் டயாலிசிஸ் மாதிரியே மெஷின்ல போட்டு, ஆன்டிபாடி இருக்கற பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதியைப் பிரிச்சு எடுப்பாங்க. ஆன்டிபாடி எவ்வளவு இருக்குன்னு காட்டற டைட்டர்னு ஒரு எண் பாப்பாங்க. 1:128 இருந்தா அதை 1:8 கிட்ட இறக்கணும். ஜப்பான்ல 1980கள்லேருந்தே செய்யறாங்க.

மாமா: செலவு?

சித்தி: சாதாரண ஆபரேஷனை விடக் கூடத்தான். கிருமி தொத்தற பயமும் கூட. முதல் ரெண்டு வாரம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்கணும். அதான் எனக்கு ரெண்டாவது வழி பிடிச்சிருக்கு. ஸ்வாப்.

நான்: மாத்திக்கறதா சித்தி?

சித்தி: ஆமாடா. எங்கயோ ஒரு வீட்டுல புருஷன் ஏ, பொண்டாட்டி பி-ன்னு தவிச்சுட்டு இருப்பாங்க. உங்கம்மா கிட்னி அவருக்கு, அந்தம்மா கிட்னி உங்கப்பாவுக்கு. 2011 திருத்தத்துல சட்டமே இதுக்கு இடம் கொடுத்திருக்கு. ஒவ்வொரு ஜோடியும் தங்களுக்குள்ள நெருங்கின உறவா இருக்கணும், கமிட்டி அனுமதி வேணும். ஒருத்தர் பின்வாங்கிடக் கூடாதுன்னு ஆபரேஷனை ஒரே நாள்ல வைப்பாங்க. குரூப் சேர்ந்தாலும், வாங்கறவர் ரத்தம் கொடுக்கறவர் செல்லைத் தாக்குதான்னு பாக்கற கிராஸ்மேட்ச் டெஸ்ட் தனியாப் பாக்கணும்.

அம்மா: முகம் தெரியாத மனுஷனுக்கா?

சித்தி: அந்தம்மாவும் இதையேதான்க்கா கேட்டுட்டு இருப்பா.

சித்தி: நேத்து உன் வீட்டுல அந்தத் தண்ணி பாட்டிலைப் பாத்தேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம்னு நெயில் பாலிஷால கோடு போட்டு வச்சிருக்க. அத்தான் வெயில்ல வந்து ரெண்டு வாய் குடிச்சுட்டு, கோட்டைப் பாத்து மூடி வச்சார். எனக்குத் தொண்டை அடைச்சுடுச்சு.

அம்மா: யார் கிட்னியா இருந்தா என்ன. அவர் ஒரு சொம்புத் தண்ணி நிம்மதியாக் குடிச்சாப் போதும். நான் கொடுக்கறேன்.

சித்தி: மூளைச்சாவு தானத்துக்கான அரசு காத்திருப்புப் பட்டியல்லயும் பேரைப் பதிஞ்சு வைங்க. அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

அப்பா: இப்பத்தான் மெஷின்லேருந்து இறங்கினேன். எல்லாத்தையும் படிச்சேன். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பாக்கறப்போ நீயும் கூட வாம்மா. எனக்கு அந்த டைட்டர் எண் எவ்வளவுன்னு கேக்கணும். ஸ்வாப்புக்கும் எங்க ரெண்டு பேர் பேரை எழுதச் சொல்லணும்.

சித்தி: வர்றேன் அத்தான். பழைய ஃபைல் எல்லாம் எடுத்து வைங்க.